மறுவீட்டுச் சொதியும் ஒரு பூதக்கண்ணாடியும்

மகன் பெங்களூரிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி அனுப்பியிருக்கிறான். கூரியரில் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் தோசைக் கரண்டி அளவுக்கு ஒரு சாமான். கைப்பிடியில் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் கண்ணாடியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக விளக்கு எரிகிறது. முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை அச்சடித்தவன் எதிரே இருந்திருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற கண்ணாடி முப்பது மடங்கெல்லாம் காட்டாது. மூன்று மடங்கு காட்டினாலே பெரிய விஷயம்.

சரி, வந்தது வந்துவிட்டது என்று சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். காலாவதித் தேதியை வெள்ளிக் காகிதத்தில் மை இல்லாமல் வெறும் பள்ளமாக அழுத்தி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைப் படிக்க வேண்டும். விளக்கைப் போட்டதும் காகிதம் பளீரென்று மின்னி எழுத்தை அடியோடு விழுங்கிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு, அட்டையைக் கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தேதி தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கி மேஜையில் போட்டேன். "அனுப்புனதுக்கு நல்லதா ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்துரும்?" என்றாள் மனைவி. மகனுக்குப் போன் போட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் பொய் சொல்ல வைக்கிறார்கள்.

அது மேஜையில் கிடந்தபடி புதுப் பிளாஸ்டிக் வாசனையை அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாசனை ஆகாது. படிப்பு முடிந்த கையோடு டவுணில், ரத வீதியில் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே இதுதான் முகத்தில் வந்து மோதும். ஃப்ரேமைச் சூடு காட்டி வளைக்கிற வாசனை, கண்ணாடி உரசுகிற கல்லில் தண்ணீர் சொட்டிச் சேறாகிற வாசனை, அதற்கு மேல் முதலாளி கொளுத்தி வைக்கிற ஊதுபத்தி. முதலாளிக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவரைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

பூதக்கண்ணாடி கேட்டு யார் வந்தாலும், இருப்பதிலேயே பெரியதை எடுத்து நீட்டச் சொல்வார். வருகிறவர்களும் அதற்குத்தான் ஆசைப்பட்டார்கள். பெரிய கண்ணாடி பெரிதாகக் காட்டும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது, இப்போதும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. அகலமான கண்ணாடிக்குச் சக்தி குறைவு. சின்னதாக, நடுவில் குண்டாக இருக்கிறதே, அதுதான் நன்றாகப் பெருக்கிக் காட்டும். ஆனால் அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பார்க்கிற பொருளை மூக்கு வரை கொண்டுவர வேண்டும். அப்படிப் பார்த்தால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். கையை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று என்மேல் எரிந்து விழுவார்கள்.

பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டு ஒரு அண்ணாச்சி வந்தார். கை நடுக்கம் உள்ளவர். பேப்பரின் மேலேயே உட்கார்ந்துகொள்கிற பாதி உருண்டைக் கண்ணாடி ஒன்று எங்களிடம் இருந்தது. வரி வரியாக நகர்த்திக்கொண்டே போகலாம், தூக்கிப் பிடிக்க வேண்டாம், கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது. அதை எடுத்துக் காட்டினேன். காகிதம் பறக்காமல் இருக்க வைக்கிற குண்டு என்று நினைத்துவிட்டார். முதலாளி என்னை முறைத்துக்கொண்டே தோசைக் கரண்டி அளவுக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதை வைத்துப் பேப்பர் படித்திருக்க வழியில்லை. பேரன்மார் வெயிலில் காகிதம் எரித்து விளையாடியிருப்பார்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்று இன்றைக்கு நான் இவ்வளவு பேசுகிறேனே, இதையெல்லாம் அந்தக் கடையில் கற்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இருந்தது சரக்கு மட்டும்தான். கற்றது எங்கள் வீட்டுச் சண்டையில்.

அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள். கணவர் காலமானதும் நாங்குநேரியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். பிள்ளைகள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதால், அத்தை இல்லாத வீட்டை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே அடுப்படி. அதில் யார் கை ஓங்குவது என்பதுதான் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அம்மா குழம்பு கூட்டி வைத்தால், அத்தை வந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். அந்த ஒன்றும் சொல்லாமைக்கு அம்மா சாயங்காலம் வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். வருகிறவர்கள் எல்லோருக்கும் தலையாட்டிப் பழகியவர், வீட்டிலும் அதையே செய்தார்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். ஒருநாள் காலையில் அம்மா கொடுத்த காப்பியில் எறும்பு மிதந்தது. சீனி டப்பாவில் எறும்பு ஏறியிருப்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு வாய் குடித்த அத்தை எறும்பைத் துப்பிவிட்டு, டம்ளரை அப்படியே கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"எறும்பு கண்ணுக்கு நல்லதுதாம்லா. ஒம் பொண்டாட்டிக்கு ரெண்டு கரண்டி சேத்துக் குடு" என்றாள்.

அம்மாவுக்கு ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி இருந்தது. நானே எங்கள் கடையில் போட்டுக் கொடுத்ததுதான். அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணுக்குள் போய் உள்திரையைக் கெடுத்திருக்கிறது, இனிமேல் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பயனில்லை, இருக்கிற பார்வைக்குப் பொருளைப் பெரிதாக்கிப் பார்க்கப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அம்மா அழவில்லை, டாக்டரைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "ஒங்க அத்தைக்குத் தெரியாதுல்லா?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அந்த மறுவீட்டுப் பந்திக்கு எங்கள் பக்கம் சொதிதான். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. மண்டபத்துச் சாப்பாட்டைத் தவசிப்பிள்ளை சமைத்துவிட்டுப் போகட்டும், மூத்த மகளுடைய மறுவீட்டுச் சொதியைத் தன் கையால்தான் வைப்பேன் என்று அக்கா பிறந்த நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சொதி தன்னுடையது என்றால்தான் அடுப்படி தன்னுடையது என்று அவளுக்கு ஒரு கணக்கு.

எறும்புக் காப்பிக்குப் பிறகு அத்தை விடவில்லை. பருப்பில் கல் கிடந்து சம்பந்தக்காரர் பல்லில் கடிபட்டால் யார் மூஞ்சியில் கரி என்று அப்பாவைக் காலையும் மாலையும் பிடுங்கி எடுத்தாள். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே தீர்ப்பு.

"பருப்ப இவ பாக்கட்டும், அரிசிய எங்கக்கா பாக்கட்டும். சொதியில கல்லு கெடந்துச்சுன்னா அன்னையில இருந்து அடுப்படி அக்காவுக்கு."

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இது புரியாது. அன்றைக்குப் பருப்பு என்றால் அதில் கல் இருக்கும், அரிசி என்றால் அதிலும் கல் இருக்கும். அதுவும் எங்கள் அரிசி, ஸ்ரீவைகுண்டத்தில் குத்தகைக்கு விட்டிருந்த வயலில் விளைந்து வருகிறது. அங்கே நெல்லைத் தார் ரோட்டில் கொட்டித்தான் காயப்போடுவார்கள். லாரி, பஸ், மாட்டு வண்டி எல்லாம் அதன்மேல் ஏறிப் போகும். கழுவி அரிக்கும்போது பாதிக் கல் அடியில் தங்கும், மீதியைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண்ணாடி தேடுவது என் பொறுப்பானது. ரத வீதியில் ஊருக்கே புத்தி சொல்கிற ஆள் முதலில் என்ன கொண்டுபோனேன் தெரியுமா? கடையில் இருப்பதிலேயே பெரியதை. அம்மா வலது கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சொளகில், அதாவது முறத்தில், பருப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கல் தெரிந்தாலும் அதைப் பொறுக்க ஒரு கை வேண்டும், சொளகை ஆட்டிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். கடவுள் இரண்டு கைதான் கொடுத்திருக்கிறான். "இத நீயே வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து மூன்று கால் வைத்த கண்ணாடி ஒன்று கொண்டுபோனேன். அது தானாக நிற்கும், கை இரண்டும் சும்மா இருக்கும். ஆனால் அந்தக் கால்களுக்கு நடுவே விரலை விட்டுப் பருப்பை எடுக்க முடியவில்லை. அது மருந்துச் சீட்டு படிப்பதற்கு லாயக்கு. நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்கிற குட்டிக் கண்ணாடியையும் விடவில்லை. அதில் ஒரு பருப்பு பலாக்கொட்டை அளவுக்குத் தெரிந்தது, ஆனால் ஒரே ஒரு பருப்புதான் தெரிந்தது. அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் அக்காவுக்குப் பேரன் பிறந்திருப்பான்.

கடைசியில் கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைக் கண்டெடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்கிற லென்ஸ். ஒரு கயிறு கழுத்தைச் சுற்றும், அடியில் இரண்டு சின்ன முட்டு நெஞ்சில் பதிந்துகொள்ளும், கண்ணாடி தட்டுப்போல முன்னால் கிடையாக நிற்கும். குனிந்து அதன் வழியாகப் பார்க்க வேண்டியதுதான். பூவேலை செய்கிறவர்களுக்காக வந்த சரக்கு, யாரும் வாங்கவில்லை. பெருக்கிக் காட்டுவது கொஞ்சம்தான். ஆனால் இரண்டு கையும் சும்மா இருக்கும், சொளகு முழுவதும் ஒரு பார்வைக்குள் வரும். அம்மா அதை மாட்டிக்கொண்டு குனிந்தவள், கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அத்தை வருகிற காலடிச் சத்தம் கேட்டால் அம்மா மாராப்பை இழுத்து லென்ஸை மூடிக்கொள்வாள். நெஞ்சில் ஒரு தட்டு முட்டிக்கொண்டு நிற்கும். அத்தை அதைப் பார்த்தும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த தகராறு வெளிச்சம். பூதக்கண்ணாடி வாங்குகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியைப் பற்றியே கேட்பார்கள், வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வெளிச்சம் சரியில்லை என்றால் எந்தக் கண்ணாடியும் தண்டம். எங்கள் அடுப்படியில் ஒரே ஒரு ஜன்னல். வெயில் உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற இடம் அதன் அடியில் இருந்தது. அரிசி பார்க்க வேண்டும் என்று அத்தை விடிந்ததும் முக்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிடுவாள். மதியம் வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்திருக்க வேண்டிய அரிசியை அவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு இருந்தாள். "எனக்கு வெளிச்சம் கெடைக்கக் கூடாதுன்னுல்லா அங்கன குத்த வச்சிருக்கா" என்று அம்மா பல்லைக் கடித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா புறவாசலில் போய் உட்கார்ந்தாள். அங்கே வெயில் அதிகம், மூங்கில் சொளகின் மஞ்சளும் பருப்பின் மஞ்சளும் கல்லின் பழுப்பும் ஒன்றாகக் கலந்துபோயின.

கடையில் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கருப்பு வெல்வெட் துணி ஒன்று வைத்திருந்தோம். கருப்பின் மேல் வைத்தால் சின்ன வெள்ளைக் கோடுகூடத் தப்பாது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாக விரித்தேன். என் வாழ்நாளில் அம்மாவும் அத்தையும் சேர்ந்து ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான். கல்யாண வீட்டுக்குள் கருப்புத் துணியைக் கொண்டுவந்தவன் என்று இரண்டு பேரும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்பா தலையாட்டினார். துணியைச் சுருட்டிக்கொண்டு, வாசலோடு கடைக்குத் திரும்பினேன்.

மறுநாள் அம்மாவே வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்காக வந்து இறங்கியிருந்த வாழை இலைக்கட்டில் ஒரு தலைவாழை இலையை உருவி, புறவாசலில் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து விரித்து, அதன் மேல் பருப்பைக் கொட்டினாள். பச்சை இலையின் மேல் மஞ்சள் பருப்பு தனியாகத் தெரிந்தது, கல் தனியாகத் தெரிந்தது. மங்கலத்துக்கும் குறைவில்லை. கழுத்தில் லென்ஸும் கீழே இலையுமாக அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து, பாசிப்பருப்பு முழுவதையும் பார்த்து முடித்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தபோது, கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டவள் போல இருந்தாள்.

மறுவீட்டுப் பந்தியில் முதல் இலையில் அக்காவின் மாமனார் உட்கார்ந்தார். பெரிய மீசை, குறைவான பேச்சு. பேசுகிற கொஞ்சத்திலும் முள் இருக்கும். சொதியைச் சோற்றில் விட்டுப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் கடக்கென்று ஒரு சத்தம். இலைக்கு எதிரே இஞ்சிப் பச்சடி வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் நிதானமாகக் கல்லை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி இலையின் ஓரத்தில் வைத்தார்.

"சொதி நல்லாயிருக்கு. கூடவே கல்லும் வச்சிருக்காவ" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

அத்தை நிலைப்படியில் நின்றிருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். "எங்க தம்பி பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியாது. நான் அப்பமே சொன்னேன், யாரு கேட்டா."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவசரத்தில் மாராப்பை இழுத்து மூட மறந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், பட்டுச் சேலைக்கு மேல் அந்த லென்ஸ் தொங்கியது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பந்தியில் ஒருவரும் சாப்பிடவில்லை.

"இதுல ஒரு பக்கம் தார் ஒட்டியிருக்கு" என்றாள். "பருப்பு கடையில வாங்குனது, அது ரோட்டப் பாத்ததில்ல. இது அரிசிக் கல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். அரிசி பார்த்தது யார் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் இருந்த எல்லோரும் நிலைப்படியைப் பார்த்தோம். மாமனார் மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். அம்மா எழுந்துபோய்த் தானே கொண்டுவந்து ஊற்றினாள். தன் மறுவீட்டில் கல் ஆராய்ச்சி நடத்தியவர்கள் என்று அக்கா இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள், நான் நடத்தியதுபோல.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு அம்மா என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். "வேணும்னே போட்டிருக்காலே. என் சொதியக் கெடுக்கணும்னே ஒரு கல்ல விட்டு வச்சிருக்கா" என்றாள். நான் நம்பினேன். அப்பாவும் நம்பினார். மறுநாள் காலையில் அத்தை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்குநேரிக்குக் கிளம்பினாள். அங்கே அவள் கணவரின் பங்குக்கு ஒரு சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. இரும்மா, எங்கே போறே என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அவள்மேல் அப்போது இரக்கம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

தீபாவளிக்குச் சேலை கொடுத்துவர அப்பா என்னை அனுப்பினார். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. கதவு திறந்திருந்தது. அத்தை வாசல் வெளிச்சத்தில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது, அரிசியைப் பார்க்கவே இல்லை. விரல் நுனிகள் மட்டும் தாம்பாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிட்டிகையை எடுத்து வாயில் போட்டு, நாக்கால் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பினாள். நான் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு அங்கன?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. ஜன்னலடி முக்காலி, விடிந்ததிலிருந்து மதியம் வரை முடியாத அரிசி, அம்மாவின் மாராப்புக்குள் முட்டிக்கொண்டு நின்ற தட்டைப் பார்த்தும் கேட்காதது. அவளுக்கு எப்போதிருந்து தெரியாமல் போனதோ. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கண் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை ஊருக்குப் பயந்து மறைக்கவில்லை, கடவுளுக்குப் பயந்து மறைக்கவில்லை, ஒருத்திக்குப் பயந்து இன்னொருத்தி மறைத்திருக்கிறாள்.

அடுத்த முறை போனபோது, கடையில் சொல்லி வரவழைத்த இன்னொரு கழுத்து லென்ஸைக் கொண்டுபோனேன். அத்தை அதைக் கையால் தடவிப் பார்த்தாள். கயிற்றையும் நெஞ்சில் பதிகிற முட்டுகளையும் தொட்டதும் அது என்ன என்று புரிந்துவிட்டது. தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

"ஒங்க அம்ம கழுத்துல கெடக்கத நான் மாட்டணுமா?" என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கல்ல வேணும்னே போட்டேன்னே அவ நெனச்சுக்கிடட்டும். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. கண்ணு தெரியலன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதலே" என்றாள்.

கெட்டவள் என்று பேர் எடுத்தாலும் பரவாயில்லை, குருடி என்று அம்மா வாயில் வரக் கூடாது. அதை நான் காப்பாற்றிக் கொடுத்தேன். அம்மா அத்தையைத் திட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அம்மா திட்டிக்கொண்டேதான் சமைத்தாள். அத்தை இந்தப் பக்கமே வருவதில்லை என்றாலும், எந்த நேரமும் வந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிடுவாள் என்பதுபோல ஒவ்வொரு நாளும் லென்ஸை மாட்டிக்கொண்டு, இலையை விரித்து, பருப்பும் அரிசியும் உளுந்தும் பார்த்தாள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கல் கடிபட்டது கிடையாது.

இப்போது எல்லாம் பாக்கெட்டில் வருகிறது. மெஷின் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது. என் மனைவி பிரித்து நேராகக் குக்கரில் கொட்டுகிறாள். சொளகு வீட்டில் இல்லை. டவுண் வீடும் கைமாறிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் ஆயுள் முழுக்க அடித்துக்கொண்ட அடுப்படியில் ஒரு ஜவுளிக்கடையின் அட்டைப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கின்றன. அங்கன நிக்காதீங்க அண்ணாச்சி, சரக்கு விழுந்துரும் என்று ஒருவன் விரட்டினான்.

இதற்கெல்லாம் வெகு முன்பே அத்தை நாங்குநேரியிலேயே காலமானாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா மறுநாள் வழக்கம்போல லென்ஸை மாட்டிக்கொண்டு பருப்பை எடுத்து வைத்தாள். கைவேலையோடு பழைய கதையையும் ஆரம்பித்தாள், செத்தவளைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் வேணும்னே ஒரு கல்லைப் போட்டாளே என்று. இனிமேல் மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. வேண்டுமென்று போடவில்லை, அத்தைக்கும் கண் தெரியாது, உன்னைவிட மோசமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா குனிந்தபடியே விரலால் பருப்பை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அப்பம் அவளுக்கு என் சொதியில என்ன கெடந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றாள். "அவளுக்குப் பயந்துல்லாலே இத்தன வருசமா பொறுக்குனேன்."

கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பருப்பைப் பார்க்காமல் அப்படியே இலையோடு தூக்கிப் பானையில் சரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சோற்றில் கல் கிடந்தது. பல்லில் பட்டதை எடுத்து இலையோரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.